கடப்பும் கரடியும்

அப்ப நீயும் அந்தக் கரடிக் கதையை நம்பீற்றாய், என்ன பிள்ளை? அதுதான் இப்ப தார் ரோட்டால சுத்திப் போறாய். இரு, அந்தக் கதிரையை இழுத்துப் போடு.

எங்கட வளவுக்குள்ளால மலைக்குப் போற ஒற்றையடிப் பாதை மாமியார் காலத்திலயே இருந்தது. விறகுக்குப் போறவை, மலையடிக் கோயிலுக்குப் போறவை எல்லாரும் அதாலதான். மாமி பொல்லாத மனிசி. ஒரு தேங்காய் விழுந்தாலும் ஓடிப்போய் எடுப்பா. ஆனா வேலி அடைக்கேக்க அந்தக் கடப்பை மட்டும் அடைக்க விடமாட்டா. ஆள் காலைத் தூக்கி வச்சுக் கடக்க ஒரு இடைவெளி இருக்கோணும். "வழியை மறிச்சவன்ர குடி விளங்காது" எண்டுவா.

பிறகு வெள்ளைக்காரரும் கொழும்புப் பொடியளும் முதுகில பையைக் கொளுவிக்கொண்டு மலையேற வரத் தொடங்கிச்சினம். எனக்கெண்டா சந்தோசத்தில பெரிய புழுகம்! ஒரு வெள்ளைக்காரி என்ர வல்லாரைச் சம்பலைத் திண்டுட்டு என்னைக் கட்டிப்பிடிச்சவள். வேர்வையும் மணமும்!

ரெண்டு பக்க வளவையும் ஹோட்டல்காரன் வாங்கினான். மலை தனக்கெண்டே இருக்கோணுமாம். என்னட்டயும் வந்தான். "வித்துப்போட்டு டவுனில, ஓர்ஸ் ஹில்லில மகளோட போய் இருங்கோவன் ஆச்சி" எண்டான். வாய் சிரிச்சுது, கண் சிரிக்கேல்ல. ஏலாதெண்டனான். சொன்ன கையோட உறுதி எழுதுற நொத்தாரிசிட்டப் போய், ஆர் இந்த வளவை ஆண்டாலும் வழி ஊருக்குத்தான் எண்டு எழுதுவிச்சு, பெருவிரலை அமத்திப்போட்டு வந்தனான். வாற வழியில பலூடாவும் குடிச்சனான், சீனி வருத்தத்தோட.

நொத்தாரிசு ஒண்டு சொன்னவர்: "எழுத்து மட்டும் காணாது ஆச்சி, சனம் நடக்கோணும். நடக்காட்டி, இதில வழியே இருக்கேல்லையெண்டு வழக்குப் போடுவாங்கள்."

அதுக்குப் பிறகுதான் கரடி வந்தது.

ஆர் கண்டது? ஹோட்டல் வாச்சர். எங்க சொன்னவன்? தேத்தண்ணிக் கடையில. நான் பிறந்ததில இருந்து அந்த மலையில குரங்கும் உடும்பும்தான் கண்டனான். ஆனா சனம் வாறது நிண்டுட்டுது. ஓட்டோக்காரரும் ஆக்களைக் கொண்டுவாறேல்ல. பாதையில புல்லு முழங்கால் மட்டும் நிக்குது. பின்னேரத்தில என்ர நாய் அந்தப் பக்கம் பார்த்துக் குலைக்கும். பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழ போயிடும்.

இண்டைக்குக் காலமை கடப்படியில என்ர சினை ஆடு விழுந்து கத்துது. ஓடிப்போய்ப் பார்த்தா, கால்ல கம்பிச் சுருக்கு. புல்லுக்குள்ள மறைச்சு, கட்டையில இறுக்கிக் கட்டியிருக்கு. புதுக் கம்பி, கறள் இல்லை. கரடி கம்பி முறுக்குமே பிள்ளை?

நிமிர்ந்து பார்த்தனான். வாச்சர் அங்கால நிண்டு பார்த்துக்கொண்டு நிக்கிறான். உதவிக்கு வரேல்ல. "கவனம் ஆச்சி, அடுத்தது உங்கட காலாயிருக்கும்" எண்டான். மெதுவாத்தான் சொன்னவன்.

அவன்ர வாயில மண் விழ! ஆட்டின்ர காலுக்கு மஞ்சள் வச்சுக் கட்டியாச்சு. இந்தக் கால் நடக்குமட்டும் நடக்கும். நீங்கள் நாலு பேர் நடந்தா அவன் எத்தினை சுருக்குத்தான் வைப்பான்?

அங்க பார், மற்ற ரெண்டு ஆடும் குழைக்குக் கத்துதுகள். மலையடியில கொண்டுபோய்க் கட்டோணும். அந்தத் தடியை எடு, முன்னால தட்டித் தட்டிப் போறன். வாறதெண்டா செருப்பைப் போட்டுக்கொண்டு வா.