ராசியில்லாத மனுஷன்

எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றி விசாரித்தால் முதலில் அவனுடைய புள்ளியைத்தான் சொல்வார்கள். பெண்டாட்டி பிள்ளை, வேலை வெட்டி எல்லாம் அதற்கப்புறம். மலையில் திரியும் காட்டுச் செம்மறியான பெருங்கொம்புக் கிடாவை வேட்டையாட மாநிலம் குலுக்கல் வைத்துத்தான் அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறது. பனிக்காலத்தில் மனுப் போட வேண்டும், பனி உருகும்போது முடிவு வரும். சீட்டு விழாதவனுக்கு ஆறுதலாக ஒரு புள்ளி. புள்ளி ஏற ஏற வரிசையில் முன்னால் நகரலாம். விழுந்துவிட்டதென்றால் அத்தோடு சரி, ஆயுளுக்கு ஒரு சீட்டுதான்.

ஹார்லன் விட்காமும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் அவன் இவன் என்றுதான் எழுதுவேன். மரியாதை கொடுத்தால் குழிக்குள்ளிருந்து சிரிப்பான். மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். நான் வேட்டை இறைச்சி வெட்டிக் கொடுக்கும் கொட்டகை வைத்திருக்கிறேன். வேட்டைக் காலம் வந்தால் ஊரே மான்களையும், மானில் பெரிய ஜாதியான எல்க்குகளையும் கொண்டுவந்து என் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகும். நான் தோலுரித்து, துண்டு போட்டு, வெள்ளைத் தாளில் சுற்றி, மேலே கறுப்பு மையால் பேரையும் மிருகத்தையும் எழுதி அடுக்குவேன். வருஷா வருஷம் தன் எல்க் பொட்டலங்களை வாங்கும்போது ஹார்லன் ஒரே வசனத்தைத்தான் சொல்வான்.

“எழுதிக்கிட்டே இரு லொரெட்டா. ஒரு வருஷம் இதுல ‘ஹார்லன், கிடா’ன்னு எழுதப்போற. அன்னிக்கு ஸ்பெல்லிங் தப்பு விட்டுடாத.”

“அதுக்குள்ள எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடும்யா” என்பேன் நான்.

அவனுக்கு வேண்டியது சாடில் மலைக் கிடா. அவன் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்த மலைதான். ஜன்னலோரம் தொலைநோக்கியை நிறுத்திவைத்து, காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பான். மலைக்கு மலை சீட்டு தனி, சாடிலுக்கு வருஷத்துக்கு இரண்டே சீட்டு. அவனுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் சீட்டு விழுந்தோ, கால் விழுந்தோ, ஆளே விழுந்தோ ஒவ்வொருவராகக் கழிந்துபோனார்கள். நான் சொல்லவரும் அந்தப் பனிக்காலத்தில் ஹார்லன்தான் முதல் ஆள். மனுப் போட்டால் விழும், சந்தேகமே கிடையாது. ஊர்க்காரர்கள் முன்கூட்டியே அவனுக்குக் கைகொடுத்துவிட்டார்கள்.

அவனுக்கு ஒரே பையன், கோல்பி. நகரத்தில் கூரை போடும் வேலை. தாய் ஜீனி செத்ததிலிருந்து தகப்பனோடு பேச்சில்லை. ஜீனிக்கு மூளையில் ரத்தம் கட்டியபோது ஹார்லன் எல்க் வேட்டைக்குப் போயிருந்தான். மலைமேல் போன் எடுக்காது. அவன் இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் முன்னால் பையன் கத்தினான்.

“உனக்கு அந்த மலைதான் பொண்டாட்டி. அதையே கட்டிக்கிட்டு அழு!”

ஹார்லன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதற்கப்புறம் பல வருஷம் கிறிஸ்துமஸுக்கு இவன் போன் போடுவான், அந்தப் பக்கம் மணி அடித்து ஓயும்.

மனுப் போடுவதற்குக் கடைசி வாரம் ஹார்லன் என் கொட்டகைக்கு வந்தான். தொப்பியில் பனி அப்பியிருந்தது. அதைத் தட்டக்கூட இல்லை.

“கோல்பி பேசினான்” என்றான்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். “என்னவாம்?”

“அவன்கூட வேலை பாத்த பையன் கூரையிலேர்ந்து விழுந்து செத்துட்டானாம். இவன் கண்ணு முன்னாடியே. தூக்கமே வரலியாம். என்னென்னமோ பேசினான். அப்புறம் திடீர்னு, ‘அப்பா, நீ இன்னும் கிடாவுக்குப் போட்டுட்டிருக்கியா? நாம ரெண்டு பேரும் சேர்ந்து போடலாமா?’ன்னு கேக்கறான்.”

“கூட வரட்டுமே. நீ சுடு, அவன் தூக்கிட்டு வரட்டும்.”

“சேர்ந்து போடலாமான்னு கேட்டான் லொரெட்டா.”

அவன் என்ன சொல்ல வருகிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேர் சேர்ந்து மனுப் போட்டால் இரண்டு பேர் புள்ளியையும் கூட்டிப் பாதியாக்கி, அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். விழுந்தால் இரண்டு பேருக்கும் விழும். கோல்பியிடம் ஒரு புள்ளி கிடையாது. ஆக, ஹார்லன் வாழ்நாளெல்லாம் சேர்த்தது அப்படியே பாதியாகிவிடும். பாதிப் புள்ளிக்கு சாடில் திரும்பிக்கூடப் பார்க்காது.

“உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?” என்று கத்தினேன். “இந்த வருஷம் உனக்குத்தான். அவன் முதல்லேர்ந்து சேர்த்துட்டு வரட்டும். இதை அவன்கிட்ட எடுத்துச் சொல்லு, புரிஞ்சுக்குவான்.”

“புரிஞ்சுக்குவான். ‘சரிப்பா, பரவால்ல’ன்னு போனை வெச்சிடுவான். மறுபடி எப்ப எடுப்பான்?”

நான் கீழே வைத்த கத்தியை எடுத்துத் துடைத்தேன்.

“பிளாக்டூத் மலைக்குப் போடறேன். அங்க பாதிப் புள்ளி போதும்” என்றான்.

போதும்தான். பிளாக்டூத்துக்கு யார் போடுவார்கள்? கால் வைத்தால் உதிரும் பாறை, சொட்டுத் தண்ணீர் கிடையாது, கிடாக்களும் சொற்பம். ஹார்லனுக்கோ இதய அடைப்புக்காக நெஞ்சில் ஏற்கெனவே இரண்டு குழாய் வைத்திருந்தார்கள்.

“அங்க உன்னால ஏற முடியாது ஹார்லன்.”

“அவனால முடியும்.”

இவ்வளவுதான் சொன்னான். மறுநாள் காலை சாப்பாட்டுக் கடையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றானாம். “யாராவது என் பையன்கிட்ட புள்ளிக் கணக்கு பேசினீங்க, உங்க வீட்டு வாசல்ல பனியைக் கொண்டுவந்து குவிச்சிடுவேன். வண்டிச் சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு” என்றானாம். சிரித்தார்கள். ஆனால் வாக்குத் தவறவில்லை, ஒருவரும் மூச்சுவிடவில்லை.

பனி உருகியது. முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் பிளாக்டூத் விழுந்திருந்தது. அந்தச் சனிக்கிழமையே கோல்பி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். தாடியும் தோளுமாக ஆள் பெரிதாகியிருந்தான். சாப்பாட்டுக் கடையில் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முட்டையும் உருளைக்கிழங்கும் வாயில் அடைத்தபடி கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.

“பாத்தீங்களா எங்கப்பா லட்சணத்தை! எத்தனை வருஷமாப் போட்டாரு, ஒண்ணாவது விழுந்துதா? நான் ஒரே ஒரு தடவை பேரைச் சேர்த்தேன், விழுந்துடுச்சு. ராசியில்லாத மனுஷன்ங்க இவரு!”

அத்தனை பேரும் தட்டைப் பார்த்தோம். டெக்ஸ்டர் கிழவருக்குத்தான் பொறுக்கவில்லை. “தம்பி, அது என்னன்னா…” என்று ஆரம்பித்தார். மேசைக்கடியில் ஹார்லனுடைய பூட்ஸ் அவர் முழங்காலில் போய் இடித்த சத்தம் எனக்கே கேட்டது.

“உன் ராசிதான்டா” என்றான் ஹார்லன். “நான் வெறும் ஆளு.”

“ஒத்துக்கோ.”

“ஒத்துக்கிட்டேன்.”

கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தான். ஜீனி போனபிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அந்தப் பையன் காதைப் பிடித்துத் திருகி உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. காப்பியைக் குடித்து விழுங்கினேன்.

அந்தக் கோடையில் கோல்பி விடுமுறை கிடைத்தபோதெல்லாம் வந்தான். இரண்டு பேருமாகத் துப்பாக்கிக்குக் குறி சரிபார்த்தார்கள், ஜீனியின் கல்லறையில் சாய்ந்திருந்த கல்லை நிமிர்த்தி வைத்தார்கள். பையன் இல்லாத நாளில் ஹார்லன் பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்துக்குப் போவான். மாட்டுக்கு வைக்கிற உப்புக்கட்டியைக் கனத்துக்காக முதுகுப் பையில் போட்டுக்கொண்டு பார்வையாளர் படிக்கட்டில் ஏறுவான், இறங்குவான், ஏறுவான்.

“யாரை ஏமாத்தற?” என்று நான் வண்டியை நிறுத்திக் கத்துவேன்.

“கீழ கூடாரம் போடற இடம் வரைக்குமாவது போகணுமில்ல? அவன் இறங்கி வர்றப்ப காப்பி போட்டு வைக்க ஆள் வேணாமா?” என்பான் மூச்சு வாங்கிக்கொண்டு.

ஆகஸ்டில் ஒரு காலை, புல்லுக்குத் தண்ணீர்விட வந்தவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஹார்லனுக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார். பதில் வரவில்லை. பை தோளிலேயே இருந்தது. அந்த உப்புக்கட்டியை நான்தான் எடுத்து வெளியே வைத்தேன். பாவி, பெரிய கட்டியாகப் பார்த்துப் போட்டிருந்தான்.

செத்தவன் சீட்டு செல்லாது. ஹார்லனுடையது மாநிலத்துக்கே திரும்பிப் போயிற்று, கோல்பியுடையது கோல்பியிடம் இருந்தது. அவன் போகமாட்டேன் என்றான். தனியாக எதற்கு என்றான். நான்தான் திட்டித் துரத்தினேன். எதற்காகத் துரத்துகிறேன் என்பது எனக்குத்தானே தெரியும்?

மலைக்குப் போய் ஒரு வாரத்துக்கும் மேலாயிற்று. உதடு வெடித்து, கை முட்டியெல்லாம் கீறலாக வந்து சேர்ந்தான். கிடாவைக் கொண்டுவந்திருந்தான். பெரிய கிடா இல்லை. ஒரு பக்கக் கொம்பு நுனியில் உடைந்திருந்தது. கொக்கியில் மாட்டும்போது, “அப்பா இருந்திருந்தா இதைச் சுடவே விட்டிருக்க மாட்டார்” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான்.

கிடா அடித்தவர்கள் கொம்பை வேட்டையைக் கண்காணிக்கிற அரசாங்க வார்டனிடம் காட்ட வேண்டும். அவர் கொம்பில் சின்னத் துளை போட்டு, எண் பொறித்த உலோகத் துண்டைச் செருகிவிட்டுப் போவார். இந்த வார்டன் வேறு வட்டாரத்திலிருந்து புதிதாக வந்தவர், நல்ல மனுஷன். என் கொட்டகைக்கே வந்து துளை போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

“எத்தனை வருஷமாப் போட்டீங்க தம்பி?”

“இதான் முதல் தடவைங்க.”

“முதல் தடவையா? சும்மா கதை விடாதீங்க.”

“நிஜமாங்க. எங்கப்பாகூடச் சேர்ந்து போட்டேன்.”

“அதானே பாத்தேன்! அப்பா பெரிய கையா இருந்திருக்கணும். உங்க சைபரோட கூட்டிப் பாதியாக்கியும் இங்க விழுதுன்னா, அவர்கிட்ட எவ்ளோ இருந்திருக்கும்! தனியாப் போட்டிருந்தா அந்தா தெரியுதே சாடில், அதையே வாங்கியிருக்கலாமே. ஏன் விட்டுட்டாரு?”

நான் அவரைப் பார்த்து வேண்டாமென்று தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு எங்கள் ஊர் தெரியாது.

“பாதியாக்கறதுன்னா?” என்றான் கோல்பி.

வார்டன் விளக்கினார். பாதி சொல்லும்போதே தப்பு நடந்துவிட்டதென்று அவருக்கும் புரிந்து, குரல் இறங்கிப்போயிற்று. கோல்பி என் பக்கம் திரும்பினான்.

“ஆன்ட்டி, இது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“டெக்ஸ்டருக்கு?”

“ஊருக்கே தெரியும்டா.”

“ஏன் ஒருத்தரும் சொல்லல?”

“சொல்லக்கூடாதுன்னுட்டான்.”

கோல்பி கொட்டகை வாசலுக்குப் போய் நின்றான். சாடில் மேல் முதல் பனி விழுந்திருந்தது. வார்டன் தொப்பியைக் கழற்றி ஏதோ முனகிவிட்டுக் கிளம்பிப் போனார்.

“ராசியில்லாத மனுஷன்னு சொன்னேன்” என்றான் கோல்பி, திரும்பாமலே. “எல்லார் முன்னாலயும். முதல்ல அம்மா அடக்கத்துல. அப்புறம் இது.”

“நீ போன் பண்ணின அன்னிக்கு இதே வாசல்ல வந்து நின்னான்டா. அவன் மூஞ்சியை நீ பாக்கல. இத்தனை வருஷத்துல அவனுக்கு விழுந்ததுன்னா அன்னிக்குத்தான் விழுந்தது.”

ஆறுதலுக்காகச் சொன்னதில்லை, நிஜம். ஆனால் அவனுக்கு அது ஆறுதலாகவும் இல்லை. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து, வெடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அழுதுகொண்டே வெட்டினேன், கிடா காத்திருக்காதே.

எல்லாவற்றையும் வெட்டித் தாளில் சுற்றியபிறகு பேனாவை எடுத்தேன். கோல்பி எழுந்து மேசைக்கு வந்தான்.

“அப்பா பேரைப் போடுங்க.”

“சீட்டு உன் பேர்லடா. அந்தப் பேரைத்தான் எழுதணும்.”

“ஆன்ட்டி” என்றான்.

எழுதினேன். ஹார்லன், கிடா. கை நடுங்கி முதல் பொட்டலத்தில் எழுத்து கோணிப்போயிற்று. வேறு தாள் எடுக்கப்போனேன், கோல்பி விடவில்லை. அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தான்.

“சரியா இருக்கா பாரு” என்றேன். “ஸ்பெல்லிங் தப்பு விடக்கூடாதுன்னு சொல்லியிருந்தான்.”