இரண்டு அல்மைராக்கள், ஒரே வரி

மெஹிட்டபெல் ஸ்ப்ரேக், வீட்டில் ஹிட்டி, பிறந்தது வெர்மான்ட் மலையில். பேச்சு வந்தது ஒஹையோவில். கல்யாணம் இல்லினாயில். மூத்தவன் ஆசா அங்கே பிறந்து தவழ்வதற்குள் வீட்டை விற்று அயோவா, அங்கிருந்து நெப்ராஸ்கா. இப்போது இருப்பது மண்கட்டி அடுக்கிய வீடு. "பக்கத்து வீட்டுப் புகை கண்ணுல பட்டா மாட்டைப் பூட்டு" என்பது அவள் அப்பாவின் வேதம். கணவன் ஓரின்தான் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு அலைகிறான் என்று ஊர் சொல்லும். கிளம்பச் சொல்வது யார் என்ற உண்மை மாடுகளுக்குத் தெரியும்.

மூன்று கோடையாக வெட்டுக்கிளி வயலைத் தின்றது. இன்னும் மேற்கே போகலாம், இடாஹோ, இடாஹோ என்று ஹிட்டி நச்சரிக்கத் தொடங்கினாள். கடைசியில் ஓரின் ஒரு முடிவு சொன்னான்: மகள் அல்மைராவுக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்தால் இங்கேயே இருப்பது, கிடைக்காவிட்டால் புல் காயுமுன் கிளம்புவது.

டீச்சர் வேலைக்குப் பதினாறு முடிந்திருக்க வேண்டும். வயதுக்கு அத்தாட்சி அந்த வட்டாரத்தில் ஒன்றுதான்: வீட்டு பைபிளில் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே இருக்கும் பிறப்பு இறப்புப் பக்கம். அல்மைராவுக்கு நிஜத்தில் பதினாலு. பைபிளில் பதினேழு.

அது இப்படி ஆனது. முதல் அல்மைரா இரண்டு வயதில் தொண்டை அடைத்து அயோவாவில் போய்விட்டாள். அடுத்த வாரமே ஹிட்டி வண்டி கட்டச் சொன்னாள். ஆறு மாதம் கழித்து வழியில் பிறந்த பெண்ணுக்கு, எல்லோரும் செய்வதுபோல, அதே பெயரை வைத்தாள். எல்லோரும் செய்கிற இன்னொன்றை மட்டும் செய்யவில்லை. முதலாவதின் சாவை எழுதவில்லை. இரண்டாவதின் பிறப்பையும் எழுதவில்லை. பெயர் ஒன்று, வரியும் ஒன்று.

சனிக்கிழமை பள்ளி அதிகாரி வரப்போகிறார். காலையில் மகள் அடுப்படியில் வந்து நின்றாள்.

"நீ வாயைத் திறக்காம இருந்தா போதும்மா. பதினேழுன்னுதானே போட்டிருக்கு?"

"அது நீ இல்லடி."

"பேரு என்னுதுதானே? பேரைக் குடுத்தப்ப வயசையும் சேத்துக் குடுத்ததா இருக்கட்டும்."

ஓரின் காப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "இவளை டீச்சருக்கு ஏன் அனுப்பறே? வக்கீலுக்கு அனுப்பு."

பெட்டிபோன் என்ற அந்த அதிகாரி குதிரைப் புழுதியோடு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைபிளைத் திறந்தார். அவருடைய விரல் அந்த வரியில் போய் நின்றது. "அயோவா, ஆயிரத்தெண்ணூத்து ஐம்பத்தொன்பது. நல்லது." சான்றிதழ் தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

ஹிட்டியால் அந்த விரலை மட்டுமே பார்க்க முடிந்தது. செத்துப்போன அந்தச் சின்னதுக்கென்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு வரி. அதையும் இப்போது வேறொருத்தி எடுத்துக்கொண்டு போகப்போகிறாள்.

"ஐயா, பேனாவைக் கொஞ்சம் குடுங்க."

எழுதினாள். இறந்த தேதி. கீழே, இரண்டாவது அல்மைரா, பிறந்த தேதி. ஊர் தெரியவில்லை; 'வழியில்' என்று போட்டாள்.

பெட்டிபோன் கண்ணாடியைக் கழற்றினார். "வயசைக் கூட்டி எழுதற வீட்டை எத்தனையோ பாத்திருக்கேன். குறைச்சு எழுதறதை இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்." தாளை மடித்துக்கொண்டார். "ரெண்டு வருஷம் போகட்டும். அப்புறம் வரட்டும்."

குதிரை மறைந்தது. அல்மைரா சொன்னாள்: "உனக்குக் கிளம்பணும். அதுக்குத்தானே எழுதினே? செத்துப்போனவளையும் வண்டியில பூட்டிட்டே."

ஹிட்டி பைபிளை மூடினாள். பேனா தாளில் பட்டபோது நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது; எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. துக்கத்துக்கா, இடாஹோவுக்கா?

"ரெண்டு வருஷம் கழிச்சு இங்கதான் வேலைக்குப் போகப்போறே," என்றாள்.

"இங்கதானா! அதையும் பைபிள்ல எழுதிடு," என்றான் ஓரின்.

அவள் வெளியே போனாள். வண்டியின் மேல்கூட்டில் இறுகக் கட்டியிருந்த கித்தானை முடிச்சு முடிச்சாக அவிழ்த்து உள்ளே இழுத்து வந்தாள். அது இல்லாமல் வண்டி இடாஹோ போகாது; மறுபடி அப்படி ஒன்று வாங்க அந்த வீட்டில் வழியில்லை. தரையில் விரித்து, வைக்கோல் மெத்தைக்கு உறை அளவெடுத்து, வெட்டத் தொடங்கினாள். கத்தரி நேராக ஓடவில்லை. அல்மைரா ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று நின்றாள்.