பொம்மையனின் மூன்று ஜெர்மன் வாக்கியங்கள்

பொம்மையனுக்கு ஊர் கன்னிவாடி. திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூர் சாலையில் இருக்கும் ஒரு நூற்பாலையில் இருபத்தெட்டு வருடமாக ஃபிட்டர். மில்லில் எந்த மெஷின் நின்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கைவேலை சுத்தம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவர் வந்து நின்றாலே சுற்றியிருப்பவர்களின் படபடப்பு இறங்கிவிடும். "பாத்துக்கலாம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரை எடுப்பார்.

போன ஆவணியில் ஜெர்மனியிலிருந்து நூல் நூற்கும் புது மெஷின் ஒன்று வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஊவே என்ற இன்ஜினியரும் வந்தார். தங்கமான மனிதர், ஆனால் சதா பதற்றம். கிரேன் ஒரு மணி நேரம் பிந்தினால் முகம் சிவந்துவிடும். கரண்ட் போய் வந்தால் தலையில் கை வைத்துக்கொள்வார். இரண்டு நாளாக மதியச் சோற்றைத் தொடவே இல்லை.

பொம்மையனுக்கு மனசு கேட்கவில்லை. 'பாத்துக்கலாம்' என்றால் இவருக்கு எப்படிப் புரியும்? வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் போனில் ஒரு ஜெர்மன் பாட வீடியோவைப் போட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, 'பிரச்சனை இல்லை' என்பதற்கான ஜெர்மனை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "கைன் ப்ரோப்லேம்... கைன் ப்ரோப்லேம்..." பக்கத்துச் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா செத்த நேரம் பார்த்துவிட்டு எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் அதைக் கேட்டதும் ஊவேயின் முகம் மலர்ந்தது. பிடித்தது வினை. ஆணி ஒன்று குறைந்தாலும் கைன் ப்ரோப்லேம், மழை வந்தாலும் கைன் ப்ரோப்லேம். நான்காம் நாள் அஸ்திவார போல்ட் ஒன்று விரற்கடை தள்ளி நின்றது. பொம்மையன் சிரித்தபடி அதையே சொல்ல, ஊவே கத்திவிட்டார்.

மெயின்டனன்ஸ் மேனேஜர் இளஞ்செழியன் ஓடி வந்து, ஊவே ஆங்கிலத்தில் பொரிந்ததைக் கேட்டுவிட்டுப் பொம்மையன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, 'பிரச்சனை இல்ல'ன்னு சொல்றீங்க. கண்ணு முன்னாடி பிரச்சனை நிக்கிது. அவருக்கு அது பொய் சொல்ற மாதிரி இருக்காம்."

"அட, ஆறுதலுக்குச் சொல்றதுதான சார்? நம்மூர்ல காய்ச்சல்காரன் கிட்டயும் 'ஒண்ணுமில்ல'ன்னுதான சொல்றோம்?"

பொம்மையனுக்கு வந்தது கோபம் இல்லை, கூச்சம். டீ நேரத்தில் அவராகவே ஊவே பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "எப்ப எதைச் சொல்லணும்னு கேட்டுச் சொல்லுங்க சார்" என்றார் இளஞ்செழியனிடம்.

கத்தியதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, ஊவே ஒரு அட்டையில் எழுதிக் காட்டினார். யாராவது மன்னிப்புக் கேட்டால் 'மாக்ட் நிக்ட்ஸ்', பரவாயில்லை. நிஜமாகவே சிக்கல் என்றால் முதலில் சிக்கலைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு 'தாஸ் க்ரீகன் வீர் ஹின்', அதை நாம் சரிபண்ணிவிடுவோம்.

"அதுல வர்றது நாமளா, நாங்களா?" என்றார் பொம்மையன்.

ஊவே விழித்தார். அவர் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தானாம். 'நாங்கள்' என்றால் நீங்கள் இல்லாமல், 'நாம்' என்றால் உங்களையும் சேர்த்து என்று இளஞ்செழியன் விளக்கியதும், ஊவே தன்னையும் பொம்மையனையும் மாறி மாறி விரலால் காட்டினார். "நாம்!"

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, ஊவே பட்டனை அழுத்தினார். நூலைச் சுற்றும் கதிர்கள் ஆயிரத்துச் சொச்சமும் எதிர்த்திசையில் சுற்ற, நூல் மொத்தமும் படபடவென்று அறுந்தது. பஞ்சு பறந்து முதலாளியம்மாவின் பட்டுச் சேலையில் அப்பியது.

மெஷினை நிறுத்தித் திறந்து பார்த்தால், மோட்டார் வயர் இரண்டு இடம் மாறியிருந்தன. பூட்டியவர் ஊவேதான். வெளிறிப்போய் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். கடைசியாகப் பொம்மையனிடம் வந்தார்.

"மாக்ட் நிக்ட்ஸ்" என்றார் பொம்மையன்.

ஊவே நிமிர்ந்தார். பொம்மையன் வயரைத் தொட்டுக் காட்டி, "ப்ரோப்லேம்" என்றார் தெளிவாக. பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "தாஸ் க்ரீகன் வீர் ஹின்."

ஊவே முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். இருவரும் சேர்ந்து வயரை மாற்றினார்கள். அறுந்த நூலையெல்லாம் மில் பெண்கள் கோத்து முடிக்க மதியம் ஆனது. மெஷின் இம்மியும் பிசகாமல் ஓடியது. அன்று பொம்மையனின் மனைவி சுந்தரம்மாள் கொடுத்துவிட்டிருந்த சோற்றையும் அவரைக்காய் வெஞ்சனத்தையும் இருவரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். பாதிக்கு மேல் ஊவேதான்.

"அப்ப நீங்க பட்டினியா கெடந்தீகளா?" என்று சாயங்காலம் கேட்டாள் சுந்தரம்மாள்.

"இல்லடி. அவரு சாப்ட்டதே எனக்கு நெறஞ்ச மாதிரி இருந்துச்சு."

இந்தத் தையில் இன்னொரு மெஷின் வருகிறது. அதோடு வரும் இன்ஜினியருடன் வேலை செய்ய யாரைப் போடலாம் என்று பேச்சு வந்ததும் இளஞ்செழியன் பொம்மையனைக் கூப்பிட்டு, அவர்தான் என்று சொன்னார். பொம்மையன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வாரவரு எந்த ஊர்க்காரருன்னு இப்பவே விசாரிச்சுச் சொல்லிப்புடுங்க சார். படிக்கணும்ல?"