தங்கச்சி வீட்டுத் தண்ணீர்

அந்த வரன் முதலில் வந்தது தையல்காரிக்குத்தான். அணையில் மோட்டார் படகு ஓட்டுகிறவன் என்றதும் மூக்கைச் சுளித்தாள். "காட்டுக்குள்ள போய் யாரு குப்பை கொட்டுறது?" தங்கை அவனைக் கட்டிக்கொண்டாள். அக்காவுக்கு நகரத்து எலெக்ட்ரீஷியன் வாய்த்தான். தையல் மிஷினுக்கு எதிரே ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

பல வருஷம் தங்கை வீட்டுப் பக்கமே அவள் எட்டிப் பார்க்கவில்லை. கணவன் நச்சரித்ததால் ஒரு கோடையில் போனாள்.

தங்கை புருஷன் தங்கையோடு சேர்த்து அவர்களையும் படகில் அழைத்துப் போனான். நீர்த்தேக்கம் மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து போனது. இதோடு முடிந்தது என்று நினைக்கும்போது கரை விலகும். இன்னொரு நீர்வெளி திறக்கும். இருபுறமும் காடு தண்ணீர்வரை இறங்கி நின்றது. மூழ்கிய மரங்களின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்தன.

அழகைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஒரு வளைவில், யாரும் கேட்காமலே, அவன் என்ஜினை அணைத்தான். அந்த இடத்து அமைதி தங்கைக்குப் பிடிக்குமாம். தையல்காரிக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் கணவனோ வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் சரிடி, பொண்ணை எங்க படிக்க வைப்பே? குரங்குங்களோடயா?"

தங்கையின் முகம் வாடியது. பார்க்கக் கொஞ்சம் இதமாக இருந்தது.

"அதைத்தான்க்கா கேக்கணும்னு இருந்தேன். இங்க எட்டாவதோட சரி. ஹாஸ்டல்னா பயப்படுறா. நீ வச்சுக்கிறியா?"

தையல்காரிக்குப் பிள்ளை இல்லை. தண்ணீரும் காடும் அவளுக்கு, பெண் எனக்கு என்று மனம் கணக்குப் போட்டது. "கூட்டிட்டு வா" என்றாள்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே படுத்தாள். வார இறுதியில் பெண் அணைக்கு பஸ் ஏறுவதுதான் ஆகாது. "ஒரு வாரம் இருந்தா என்ன? தண்ணி ஓடியா போயிடும்?" பெண் போயே தீருவாள்.

ஒருநாள் அவள் வாய் தவறி, "அம்மா, பசிக்குது" என்றாள். தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே தங்கைக்குப் போன் போட்டாள்.

"உன் பொண்ணு என்னை அம்மானு கூப்பிட்டா."

அழுகைக்காகக் காத்திருந்தாள். தங்கை சிரித்தாள்.

"கூப்பிடட்டுமேக்கா! இப்பதான் எனக்கு நிம்மதியா இருக்கு."

போனை வைத்தவளுக்கு அந்தச் சிரிப்பின் மேலேயே பொறாமை வந்தது. அன்று கோணலாகத் தைத்ததையெல்லாம் பிரிக்க வேண்டியதாயிற்று.