கதிரவன் திருந்திய ஒன்பது பக்கங்கள்

1. முதல் போன்

நாவல் கடைகளுக்குப் போன நான்காவது நாள் காலை அலுவலக போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டார்: "எதுக்குங்க அந்தப் புள்ளய மறுபடியும் அவங்கூட அனுப்பி வெச்சீங்க?"

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. அன்று மதியத்துக்குள் அதே கேள்வியோடு பதினொரு போன்கள் வந்தன.

அஸ்தம்பட்டியில் ஒரு சிறிய பதிப்பகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மாதம் மூன்று காதல் நாவல்கள் போடுவோம். ப்ரூஃப் பார்க்கத்தான் சேர்ந்தேன். கடைசி ஒன்பது வருடம் எடிட்டர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று, நான் செய்த தவறு ஒன்றை எழுதி வைக்கிறேன்.

2. கோமதி கொண்டுவந்த கதை

எழுத்தாளரின் பெயரை மாற்றிக் கோமதி என்று சொல்கிறேன். ஜேடர்பாளையம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்து மருமகள். எங்களுக்கு அவர் எழுதிய மூன்றாவது நாவல் அது. கதாநாயகன் கதிரவன் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவன். வெளியே எல்லோரிடமும் பணிவாகப் பேசுவான். வீட்டில் மனைவி நித்யாவின் போனை வாங்கிப் பார்ப்பான், விருந்தாளிகள் எதிரில் அவள் படிப்பைக் கேலி செய்வான், தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டான். கை நீட்டி அடிப்பதில்லை. அதனால் அவன் நல்லவன் என்று ஊரே சொல்லும்.

கோமதி எழுதிய கடைசி அத்தியாயத்தில் நித்யா சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறுகிறாள். ஹாஸ்டலில் சேர்கிறாள். கதிரவன் வந்து கூப்பிடுகிறான். அவள் போகவில்லை. அவ்வளவுதான் முடிவு.

படித்ததும் எனக்குப் பிடித்தது. முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "மேரி, ஹீரோ திருந்தணும். ரெண்டு பேரும் சேரணும். நம்ம ரீடர் அதுக்குத்தான் வாங்கறாங்க" என்றார்.

நான் கோமதிக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை. யோசித்து மெதுவாகச் சொன்னார்: "அவன் திருந்தற ஆளு இல்லீங்க அக்கா. இருவத்தஞ்சு அத்தியாயம் நான் அவன அப்பிடி எழுதலீங்களே."

முடிவை மாற்றி எழுத ஒரு வாரம் டைம் கொடுத்தேன். அதற்குள் அவருடைய மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அச்சுக்குப் போக வேண்டிய நாள் வந்துவிட்டது. அச்சில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். மற்ற ஃபாரமெல்லாம் தயாராக இருந்தன, கடைசி ஃபாரம் மட்டும் பாக்கி. ஒரு மத்தியானத்தில் ஒன்பது பக்கங்களை நானே எழுதினேன். கதிரவனுக்கு விபத்து. கட்டிலில் படுத்தபடி நித்யாவின் கையைப் பிடித்து அழுகிறான். அவள் கண்ணைத் துடைத்துவிடுகிறாள். சுபம்.

பக்கங்களைக் கோமதியின் போனுக்கு அனுப்பினேன். "பாத்தேன் அக்கா" என்று மட்டும் பதில் வந்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

3. திட்டு வாங்கியவர்

எங்கள் பேஸ்புக் பக்கத்தில் கமெண்டுகள் நிறைந்தன. இப்படி ஒருவனைக் கதாநாயகன் என்று எப்படிச் சொல்வது என்று பலர் கேட்டார்கள். ஒரு அழுகைக்கு எல்லாம் சரியாகிவிடுமா என்றார்கள். பெண்ணாகப் பிறந்தவர் எழுதுகிற எழுத்தா இது என்று ஒருவர் கேட்டிருந்தார். எல்லாத் திட்டும் கோமதியின் பெயருக்குத்தான். அட்டையில் இருந்தது அவர் பெயர்.

முதலாளி, பேசட்டும், பேசினால் புத்தகம் ஓடும் என்றார். நானும் பேசாமல் இருந்தேன். கோமதியும் யாருக்கும் பதில் எழுதவில்லை. அந்த முடிவு தன்னுடையதில்லை என்று ஒரு வரி போட்டிருக்கலாம். போட்டால் என் வேலைக்கு ஆபத்து வரும் என்று நினைத்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

4. ஜலகண்டாபுரத்து அம்மா

அடுத்த மாதம் ஜலகண்டாபுரத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். தறி ஓடும் சத்தம் பின்னால் கேட்டது. எழுத்தாளரிடம் பேச வேண்டும் என்றார். நம்பர் கொடுக்கக் கூடாது, என்னிடமே சொல்லுங்கள் என்றேன்.

அவருடைய மகள் புருஷனோடு வாழ முடியாமல் வந்து நான்கு மாதமாக வீட்டில் இருந்தாளாம். அந்த மாப்பிள்ளையும் அடிக்கிறவன் இல்லையாம். தாயும் மகளும் நாவலை வாங்கித் தினம் கொஞ்சம் படித்திருக்கிறார்கள். மகள் வாசிப்பாள், தகப்பனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். நித்யா எப்படியும் வெளியே வந்துவிடுவாள், அதைக் கேட்டாவது அவர் மனசு மாறும் என்று அந்த அம்மா காத்திருந்திருக்கிறார். கடைசி அத்தியாயம் வந்தது. மகள் வாசித்து முடித்ததும் தகப்பன் சொன்னாராம், கதையிலேயே அவன் திருந்திவிட்டான், நம்ம மாப்பிள்ளையும் திருந்துவார் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

"உங்க கதையாலதான் போனான்னு நான் சொல்லலீங்க" என்றார் அந்த அம்மா. "அனுப்பறதுக்கு அவங்கப்பனுக்கு ஒரு பேச்சு கெடச்சுது."

அந்த முடிவை எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. அப்படியானால் அந்த எழுத்தாளர் என்ன எழுதியிருந்தார் என்று கேட்டார். கோமதியின் ஃபைலை எடுத்து, அவர் எழுதிய கடைசி அத்தியாயத்தை முழுவதும் போனிலேயே வாசித்தேன். நடுவில் யாரோ தறியை நிறுத்தினார்கள். நான் முடித்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். பிறகு, "தாமசமாப் போச்சுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

5. அதற்குப் பிறகு

இரண்டாம் பதிப்பில் கோமதியின் முடிவையே போடலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் சம்மதிக்கவில்லை. கடைசி அத்தியாயம் நான் எழுதியது என்று எங்கள் பேஸ்புக் பக்கத்தில் என் பெயரைப் போட்டு எழுதினேன். மதியத்துக்குள் அதை அழித்துவிட்டார்கள். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இருக்கிற கடைசி இரண்டு வருடத்தை ஓட்டிக்கொள் என்றார்கள்.

மன்னிப்புக் கேட்கக் கோமதியின் வீட்டுக்கே போனேன். காபி கொடுத்தார். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று முதலில் அதைத்தான் விசாரித்தார். அடுத்த நாவல் பற்றிக் கேட்டபோது, "எழுத எறங்கறப்பெல்லாம் இத யாரு மாத்துவாங்களோன்னு வருதுங்க அக்கா. உட்டுட்டேன்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அதற்கு எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஜலகண்டாபுரத்து நம்பருக்கு இரண்டு முறை போட்டேன். முதல் முறை யாரும் எடுக்கவில்லை. அடுத்த முறை ஓர் ஆண் எடுத்து யாரென்று கேட்டார். போனை வைத்துவிட்டேன். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எடிட்டராக வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. ஒற்றுப்பிழையைத் திருத்துங்கள், வளவளப்பை வெட்டுங்கள். எழுதியவர் திருத்தாத ஒரு மனிதனை நீங்கள் திருத்தாதீர்கள். உங்களுக்கு அது ஒரு மத்தியான வேலை. அவனை நம்பி வாழப் போகிறவள் யாரென்று உங்களுக்குத் தெரியாது.