பதினோராவது ஆள்

கனடாவில் வாத்துகளுக்குப் பெர்மிற் தேவையில்லை. ஸ்காபுறோவின் எந்தப் பூங்காவிலும் அவை கூட்டமாக வந்து இறங்கி, உதைபந்தாட்ட மைதானத்தின் நடுவட்டத்தில் நின்று எச்சமிட்டுவிட்டுப் போகலாம். பதினொரு மனிதர் ஒரு பந்தோடு அதே புல்லில் இறங்குவதென்றால் மாதக்கணக்கில் முன்கூட்டியே அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், காப்புறுதிச் சான்று காட்ட வேண்டும், மழை பெய்தால் புல்லை மிதிக்கமாட்டோம் என்று கையெழுத்திட வேண்டும். எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்காக வருடந்தோறும் அந்த வேலையைச் செய்பவன் நான். விதிமுறைகளை வாசிப்பதில் இன்பம் காண்பவர்கள் உலகில் குறைவு. ஓய்வுபெற்ற பிறகு எனக்கு அந்த இன்பத்துக்குப் போட்டியே இல்லை.

இந்த வருடம் பெர்மிற் கொடுக்கும் கவுண்டரில் இருந்த பெண் புதியவர். கல்லூரியின் பெயரைப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பஸ்?" என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். "ஒஷாவா பக்கமா?" என்று கிழக்கேயுள்ள பக்கத்து நகரைச் சொன்னார். இன்னும் கொஞ்சம் கிழக்கே என்றேன். திருப்தியோடு முத்திரை குத்தினார்.

அந்தக் கம்பஸ் ஒரு காலத்தில் வடக்கிலுள்ள எல்லாக் கல்லூரிகளையும் வெறுங்காலோடு தோற்கடித்தது. நான் விளையாடியவனில்லை, எல்லைக்கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டவன். வடக்குப் பக்கக் கோலுக்குப் பின்னால் பெரிய வாகை மரம் ஒன்று நின்றது. கிளையில் பட்ட பந்து மைதானத்துக்குள் திரும்பி விழுந்தால் ஆட்டம் தொடரும் என்பது எங்களுக்கென்றே இருந்த விதி. வெளியூர் அணிகள் அதை எதிர்த்து வாதாடியே களைத்துப்போகும். கல்லூரிக் கீதத்தின் இரண்டாம் சரணம் அந்த மரத்தின் நிழலைத்தான் பாடுகிறது.

பிறகு யுத்தம் வந்தது. மைதானத்தில் பந்துக்குப் பதிலாக வேறு பொருட்கள் விழுந்தன. மரத்தின் பாதி ஒரு எறிகணையோடு போனது. மிச்சத்தைப் பதுங்குகுழிக்குக் கூரை போடத் தறித்தார்கள். அங்கே கல்லூரிக்குப் பதினொரு பேர் கிடைக்காத அதே வருடங்களில், இங்கே ரொறன்ரோவில் எங்களிடம் மூன்று அணிகளுக்கு ஆளிருந்தது. சனி இரவு உணவகங்களில் கோப்பை கழுவியவர்கள் ஞாயிறு காலை வந்து, உறக்கம் தெளியாமலே கோல் அடித்தார்கள். வடக்குக் கல்லூரிகளின் பழைய மாணவர் சுற்றுப்போட்டிக் கிண்ணம் எங்களைவிட்டு அசையவேயில்லை. சிவம் அப்போது எங்கள் அணித் தலைவர். இன்று மனேஜர், பயிற்சியாளர், தண்ணீர் சுமப்பவர், எல்லாம்.

சரிவுக்கு எதிரணி எதுவும் காரணமில்லை. முழங்கால்களும் மோட்கேஜும் காரணம். ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியவனுக்கு ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டவே போதாது. யூனியன்வில்லில் வாங்கியவனின் மகன் கூடைப்பந்துக்குப் போய்விட்டான். இதற்கிடையில் ஊரில் கல்லூரி நிமிர்ந்துவிட்டது. மைதானத்துக்கு மின்விளக்குப் போட்டு மறுபடி வெல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நாங்கள் கொழுத்தபோது அது இளைத்தது, நாங்கள் இளைக்க அது கொழுக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றாக நன்றாயிருந்ததை நான் கண்டதில்லை.

சுற்றுப்போட்டியின் விதிகளடங்கிய யாப்பை எழுதியவனும் நான்தான். இரண்டு வருடம் தொடர்ந்து பதினொரு பேரை இறக்காத அணி நீக்கப்படும் என்பது அதில் ஒரு விதி. போன வருடம் எங்களுக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். இம்முறையும் குறைந்தால் சிவத்தின் அணி என்று ஒன்று இராது. ஆளாளுக்குப் போன் அடித்து, சிவம் பத்துப் பேரைச் சேர்த்தார். பதினோராவதாகக் கோலுக்குள் நிற்க அவர் கூட்டிவந்தவர் கோஃபி. கானாவில் பிறந்து இங்கே மோர்னிங்சைட்டில் வளர்ந்தவர். சிவத்தோடு ஒரே தொழிற்சாலையில் வேலை.

எதிரணி மனேஜர் அமலதாஸ் கோஃபியைப் பார்த்த உடனேயே என்னிடம் வந்தார்.

"அண்ணை, உவர் எந்த வருசம் எங்கட ஊரில ஓ.எல். சோதினை எடுத்தவர்?"

"அதைக் கேக்கிறதுக்கு யாப்பில இடமில்லை, அமலதாஸ்."

"உது பகிடி இல்லை அண்ணை. நான் ஆட்சேபிக்கிறன்."

ஆட்சேபம் வந்தால் என்ன செய்வதென்றும் நான் எழுதி வைத்திருந்தேன். வீடும் பாடசாலையும் எரிந்து வந்த சனத்திடம் சான்றிதழ் கேட்க முடியாது. என் அகதி விசாரணையில், எங்கள் ஊர்ச் சந்தைக்கு எத்தனை வாசல் என்று அதிகாரி கேட்டார். எதையும் கையில் கொண்டுவராத ஒருவன் மனதில் கிடப்பதை வைத்துத்தான் தன்னை நிரூபிக்க வேண்டும் என்று அன்று கற்றேன். ஆகவே எங்கள் விதி: கல்லூரிக் கீதத்தை இரண்டாம் சரணம் வரை பாடிக் காட்டுபவர் அக்கல்லூரியைச் சேர்ந்தவராகக் கொள்ளப்படுவார்.

விதியை வாசித்தேன். அமலதாஸ் சிரித்தார். சிவம் சிரிக்கவில்லை.

கோஃபி கையுறைகளைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டுப் பாடினார். முதல் சரணம், இரண்டாம் சரணம், யாரும் கேட்காத மூன்றாம் சரணம். 'நிழல்' என்ற சொல்லின் ழகரம் அவர் நாவில் தடுக்கி, எழுந்து, சரியாக நின்றது. மார்க்கம் நகருக்கு வேலைக்குப் போகும் வழியெல்லாம் சிவம் காரில் பாடுவாராம். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு வேறு போக்கிடம் ஏது?

அமலதாஸ் விடுகிற ஆளில்லை. "அப்ப மற்றப் பத்துப் பேரும் பாடட்டும்."

அந்தப் பத்துப் பேரும் பழைய மாணவர்களின் பிள்ளைகள், இங்கே பிறந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிவத்தின் மகன் மெல்ல என்னிடம் வந்தான். "அங்கிள், சும்மா ஹம் பண்ணினாக் காணுமா?"

யாப்பின்படி எங்கள் அணியில் விளையாடத் தகுதியுள்ளவர் ஒரேயொருவர். சிவம் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. தீர்ப்பை எதிர்பார்த்து நிற்பவனின் அடக்கம்தான் இருந்தது. அதை அந்த விசாரணை அறைக் கண்ணாடியில் என் முகத்திலும் பார்த்திருக்கிறேன்.

நான் யாப்பின் அடுத்த பக்கத்தைத் திருப்பி வாசித்தேன். "ஆட்சேபிக்கும் அணி முதலில் தன்னை நிரூபிக்க வேண்டும். உங்கட பெடியளைப் பாடச் சொல்லுங்கோ, அமலதாஸ். உங்கட கீதம்."

அவர் திரும்பித் தன் அணியைப் பார்த்தார். அத்தனை பேரும் தங்கள் சப்பாத்து நாடாக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"விடுங்கோ அண்ணை," என்றார். "வெயில் ஏறப்போகுது. விளையாடுவம்."

தோற்றோம். கோஃபி பிடித்த பந்துகளைக் கணக்கெடுத்தால் மானத்தோடு தோற்றோம் என்று சொல்லலாம். ஆனால் பதினொரு பேர் இறங்கினோம். அடுத்த வருடமும் எங்களுக்குச் சுற்றுப்போட்டியில் இடமுண்டு. சிவம் வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டே, மகனுக்கு முதல் சரணத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். மகன் போனில் பதிவு செய்துகொண்டான்.

கோலடியில் கோஃபி என்னை மறித்தார். சிவம் அவருக்குக் கீதத்தின் அர்த்தமும் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் கேட்டார்: "அங்கிள், அந்த மரம் இப்பொழுதும் கோலுக்குப் பின்னால் நிற்கிறதா? ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும்."

கல்லூரி புதிய மின்விளக்குகளைக் காட்டி அனுப்பிய வீடியோவில் நான் அந்த இடத்தைத்தான் முதலில் தேடினேன். வெறும் வானம் இருந்தது. வாழ்நாள் முழுக்கச் சரியான தகவலை மட்டுமே எழுதிக் கையொப்பமிட்டவன் நான்.

"நிற்கிறது," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, தன் கோலுக்குப் பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். நிழல் விழ வேண்டிய இடத்தில் வெயில் பரந்து கிடந்தது. அதில் வாத்துகள், யாருடைய பெர்மிற்றும் இல்லாமல், மேய்ந்துகொண்டிருந்தன.