பொழிமுகத்து ஆலாக்கள்

என் மனைவி மஸ்கட்டில் நர்ஸ். அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. போன லீவில் அவள் வாங்கி வந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு, வடசேரியில் முதல் பஸ் ஏறி மணக்குடிக்குப் போய்விடுவேன்.

ஆறு கடலில் சேரும் பொழிமுகத்து மணல்திட்டில், சித்திரை வைகாசியில் சின்ன ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கிடையாது. மணலில் ஒரு சிறு குழி, அதில் மணல் நிறத்திலேயே இரண்டு முட்டை. பைக் ஏறினாலும் போச்சு, நாய் மோந்தாலும் போச்சு. வருஷத்துக்கு வருஷம் பறவைகள் குறைந்துகொண்டே வந்தன.

அடைகாக்கும் பெண் ஆலாவுக்கு ஆண் ஆலா மீன் கொண்டுவரும். அது பறந்து வருவதைப் படம் பிடிக்க, தூரத்தில் மணலில் கவிழ்ந்து கிடப்பேன். பேச்சுத்துணைக்கு யாரும் கிடையாது. படத்தில் பெரும்பாலும் வெறும் வானமும் ஒரு சிறகு நுனியும்தான் விழும்.

ஒரு ஞாயிறன்று ஆண் ஆலா மீனோடு நேராக என் பக்கம் திரும்பியது. பொத்தானில் விரல் வைத்துவிட்டேன். அப்போதுதான் ஒரு செவலை நாய் குழியை நோக்கி மோந்துகொண்டே வருவதைப் பார்த்தேன். கேமராவை அப்படியே போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடினேன். நாய் ஓடிவிட்டது. ஆலாக்களுக்கு என்ன தெரியும்? எல்லாம் சேர்ந்து என்மேல் பாய்ந்தன. தலையில் கொத்து, சட்டையெல்லாம் எச்சம்.

வள்ளத்தில் வலை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் கத்தினார்: "ஓய், குனிஞ்சு ஓடும்! கண்ணக் கொத்திப் போடும்!"

தள்ளி வந்து திரும்பிப் பார்த்தேன். பெண் ஆலா இறங்கி, வயிற்றை அசைத்து அசைத்து முட்டைமேல் உட்கார்ந்தது. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்போல் இருந்தது. மனைவிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"படம் கிட்டிச்சா?"

"இல்ல. நாய வெரட்டப் போயிட்டேன். ஆலா என்னையக் கொத்திப் போட்டு."

வெகுநேரம் சிரித்தாள். பிறகு, "இந்த வருசமும் லீவு கிட்டாது போல இருக்கு" என்றாள். "சரி" என்றேன்.

அடுத்துப் போனபோது குழி காலியாக இருந்தது. அலைந்து தேடவும் பயம்; மிதித்துவிட்டால்? அப்படியே நின்றேன். ஆண் ஆலா மீனோடு இறங்கிய இடத்தில், காய்ந்த கடல்பாசி ஓரமாக இரண்டு குஞ்சுகள் வாய் பிளந்தன. மீனைக் கொடுத்துவிட்டு அது மேலெழும்பியபோது ஒரு படம் விழுந்தது, இரண்டு சிறகும் முழுதாக விரிந்து.

அங்கிருந்தே அவளுக்கு அனுப்பினேன். அவள் டூட்டியில் இருந்திருப்பாள். மணல் சுடத் தொடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.